தினமும் ஓட்டும் காரில் டார்க் கன்வெர்ட்டர் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் காரின் எஞ்சினுக்குச் சக்தி கூட்டிய பிறகு பலருக்கும் வரும் அடுத்த ஆசை டார்க் கன்வெர்ட்டர். பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி பாய்ந்து கிளம்ப வேண்டும். மறுநாள் காலை அதே வண்டியில் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் நடக்கக்கூடியதுதான். ஆனால் பந்தயத்துக்கு மட்டும் இறங்கும் வண்டிக்குச் சொன்ன யோசனையைத் தினசரி வண்டிக்கு எடுத்துக்கொண்டு கியர்பாக்ஸைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இங்கே சொல்வதெல்லாம் தினசரி வண்டியை மனதில் வைத்துத்தான்.

கன்வெர்ட்டருக்குள் என்ன நடக்கிறது?

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் நிரம்பிய ஒரு இரும்புக் கூடு. கூட்டோடு சேர்ந்து எஞ்சின் வேகத்தில் சுற்றும் இறக்கைகள்தான் இம்பெல்லர். அதற்கு எதிரே, கியர்பாக்ஸ் தண்டில் மாட்டியிருப்பது டர்பைன். இம்பெல்லர் வீசும் ஆயில் டர்பைனில் மோதி அதைச் சுற்ற வைக்கிறது. டர்பைனை விட்டு வெளியேறும் ஆயிலோ இம்பெல்லர் சுற்றும் திசைக்கு எதிராகத் திரும்பி வரும். அப்படியே விட்டால் எஞ்சினுக்குத்தான் முட்டுக்கட்டை. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் அந்த ஆயிலை மடக்கி, இம்பெல்லர் சுற்றும் பக்கமே அனுப்பிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் டார்க் (சுழற்றும் விசை) 1.8 முதல் 2.5 மடங்கு வரை பெருகிக் கிடைப்பது இந்த ஸ்டேட்டரால்தான். டர்பைன் வேகம் இம்பெல்லர் வேகத்தில் 85, 90 சதவீதத்தை நெருங்கியதும் பெருக்கம் நின்றுவிடும். அப்புறம் ஸ்டேட்டர் தன் ஒருவழி கிளட்ச்சில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனதில் இருந்தது கப்பல். வேகமாகச் சுற்றும் நீராவி டர்பைனை, மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க ஒரு வழி தேவைப்பட்டது. பயணிகள் காருக்கு இது பரவலாக வந்தது 1948-இன் ப்யூக் டைனாஃப்ளோ மூலம்தான்.

என் காரில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறதா?

கிளட்ச் பெடல் இல்லை என்பதாலேயே இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. ஏஎம்டி என்கிற தானியங்கி மேனுவலிலும் கிடையாது. படிப்படியான கியர் இல்லாத சிவிடி பலவற்றில் உண்டு. வழக்கமான 4 முதல் 10 கியர் ஆட்டோமேட்டிக் என்றால் அநேகமாக உண்டு. கியர்பாக்ஸின் மாடல் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு மேலே படியுங்கள்.

"3000 ஸ்டால்" என்றால் 3000 ஆர்பிஎம் வரை வண்டி நகராதா?

நகரும். இந்தத் தவறான எண்ணம் எல்லாரிடமும் இருக்கிறது, சில மெக்கானிக்குகளிடமும்.

டர்பைனை நகரவிடாமல் பிடித்துவைத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் வரை ஏறுமோ அதுதான் ஸ்டால் வேகம். அந்த எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமானதல்ல. முன்னால் நிற்கும் எஞ்சினின் டார்க்கையும் சேர்த்துத்தான் அது அமைகிறது. கணக்கு எளியது: ஸ்டால் வேகம், டார்க்கின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறி இறங்கும்.

400 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் எஞ்சினோடு 3000 ஆர்பிஎம்மில் ஸ்டால் ஆகும் ஒரு கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். 400-இன் வர்க்கமூலம் 20. 3000-ஐ 20-ஆல் வகுத்தால் 150. இந்த 150-தான் அந்தக் கன்வெர்ட்டரின் குணம், இதைக் கே-ஃபேக்டர் என்பார்கள். இப்போது நெரிசலில் பெடலை லேசாகத் தொடுகிறீர்கள், எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. 100-இன் வர்க்கமூலம் 10, ஆக 1500 ஆர்பிஎம். வண்டி அசையாமல் நின்றாலும் எஞ்சின் அதற்கு மேல் ஏற முடியாது. ஆகவே 3000 ஸ்டால் வண்டியும் 1500-க்குள்ளேயே நகரத் தொடங்கிவிடும்.

இதே கன்வெர்ட்டரை 300 நியூட்டன் மீட்டர் எஞ்சினோடு மாட்டினால் ஸ்டால் சுமார் 2600-தான் வரும். "3000 வாங்கினேன், 2600-தான் வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விற்பவர் உங்கள் எஞ்சினின் டார்க், வண்டியின் எடை, ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்கு முன் வரும் கடைசி கியர்) விகிதம் எதையும் கேட்காமல் வெறும் ஸ்டால் எண்ணை மட்டும் சொல்கிறார் என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம். எஞ்சினை ட்யூன் செய்து டார்க்கை 300-லிருந்து 430-க்கு ஏற்றியிருந்தால், வண்டியோடு வந்த கன்வெர்ட்டரின் ஸ்டாலும் தானாகவே 20 சதவீதம் போல ஏறியிருக்கும். 2000-ஆக இருந்தது 2400-ஐ ஒட்டி வந்திருக்கும். புதிதாக ஒன்று தேவையா என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எனக்கு எவ்வளவு ஸ்டால் சரி?

உங்கள் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் உயிர் பெறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். டார்க் கோடு செங்குத்தாக ஏறி முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஸ்டால் அமைந்தால் போதும். டர்போ வண்டியில் டர்போ அழுத்தம் கட்டத் தொடங்கும் இடம்தான் முக்கியம். 2600-இல் அழுத்தம் வந்துவிடுகிறது என்றால் 3400 ஸ்டால் வெறும் சூடாகத்தான் போகும். பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட, டர்போ இல்லாத எஞ்சின் கீழ் ஆர்பிஎம்மில் திணறும், அதற்குக் கூடுதல் ஸ்டால் உண்மையிலேயே உதவும். டீசல் எஞ்சின் கீழேயே டார்க்கைக் கொட்டுவதால் அதற்குப் பெரும்பாலும் ஸ்டாலைக் கூட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

தினசரி வண்டிக்கு என் பரிந்துரை: கம்பெனி ஸ்டாலைவிட 500 முதல் 800 ஆர்பிஎம் கூடுதல். மனதில் ஒரு எண் இருந்தால் அதைவிட ஒரு படி குறைத்து வாங்குங்கள். குறைத்து வாங்கிவிட்டேனே என்று வருந்தியவர் யாரையும் எனக்குத் தெரியாது. கூட்டி வாங்கி வருந்தியவன் நானே. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

நெரிசலிலும் பார்க்கிங்கிலும் ஓட்டுவது எப்படி இருக்கும்?

அளவாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். அளவு மீறினால் தினமும் தொல்லை.

என் முதல் கன்வெர்ட்டர் 3200 ஸ்டால். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர்தான், வண்டியும் கனமானது. போட்டுத் தந்தவர்கள் "கிளம்பும்போது தெரியும்" என்றார்கள். கிளம்பும்போது தெரிந்தது உண்மைதான். தரைக்கீழ்ப் பார்க்கிங்கின் சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் தெரிந்தது. பெடலை லேசாக அழுத்தினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 2000 ஆர்பிஎம் வாக்கில் மெல்ல ஏறும். சரிவு முடிந்து சமதளத்தில் சக்கரம் பட்ட அந்த நொடியில், அதே பெடலுக்கு வண்டி பின்னால் துள்ளும். பின்சுவருக்கும் பம்பருக்கும் இடையே ஒரு கை அகலம். ஒவ்வொரு மாலையும் இடது காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டே ஏற்றினேன். எட்டு மாதம் பொறுத்துவிட்டு 2500-ஐ ஒட்டிய ஒன்றை மாட்டினேன். கிளம்பும் வேகத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சரிவில் நன்றாகவே தெரிந்தது.

ஆயில் சூடாகும் என்கிறார்களே, உண்மையா?

இந்த மாற்றத்தில் மற்ற எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

கன்வெர்ட்டர் ஸ்லிப் ஆகும்போது, அதாவது டர்பைன் இம்பெல்லரைவிட மெதுவாகச் சுற்றும்போது, கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேராத சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. மேலே சொன்ன உதாரணத்தையே பாருங்கள்: 100 நியூட்டன் மீட்டர், 1500 ஆர்பிஎம், வண்டி நிற்கிறது. சக்தி கிட்டத்தட்ட 16 கிலோவாட். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் எட்டைச் சேர்த்துப் போட்டதற்குச் சமம், அத்தனையும் சில லிட்டர் ஆயிலுக்குள். சரிவில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்துவைக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸ் தொட்டியில் ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருந்தால் நிம்மதி. 110-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 120-க்கு மேல் தொடர்ந்து ஓடினால் ஆயில் கருகி, சீல்கள் இறுகி, கிளட்ச் தட்டுகள் மெருகேறி வழுக்கத் தொடங்கும். சூடு ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரி ஏறும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

ஆகவே கன்வெர்ட்டரோடு சேர்த்தே தனி ஆயில் கூலர் போட்டுவிடுங்கள், காற்று நேராகப் படும் இடத்தில். தெர்மோஸ்டாட் உள்ளதாக இருந்தால் நல்லது. ஆயில் ஒரேயடியாகக் குளிர்ந்து கிடந்தாலும் கியர் விழுவது முரட்டுத்தனமாக இருக்கும், பல வண்டிகளில் லாக்-அப்பும் (இம்பெல்லரையும் டர்பைனையும் பூட்டும் கிளட்ச்) விழாது. ஒரு வெப்பமானியும் வேண்டும். அதன் சென்சாரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் தொட்டியைவிட எண் கூடுதலாகவே காட்டும், ஒரு கணம் மிதித்தாலே துள்ளி ஏறும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏறிய எண் ஓரிரு நிமிடத்தில் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லாக்-அப் கிளட்ச் கட்டாயம் வேண்டுமா?

தினசரி வண்டிக்குக் கட்டாயம். சீராக ஓடும்போது இம்பெல்லரையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டி ஸ்லிப்பை ஒழிப்பது இதுதான். நெடுஞ்சாலையில் எரிபொருளும் மிச்சம், ஆயிலும் குளிர்ச்சியாக இருக்கும். லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டர் எடை குறைவு, விலை குறைவு, ஆனால் அது பந்தயப் பாதைக்கு.

டார்க் கூட்டிய எஞ்சினுக்கு ஒற்றைத் தட்டு லாக்-அப் தாங்காமல் போகலாம். அப்போது பல தட்டு லாக்-அப் வைத்த கன்வெர்ட்டரை எடுப்பார்கள். இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் லாக்-அப்பை முழுக்கப் பூட்டுவதில்லை. எஞ்சின் அதிர்வு உள்ளே வராமல் இருக்க, சில பத்து ஆர்பிஎம் வேண்டுமென்றே நழுவவிட்டு ஓட்டுகிறது. பூட்டு அல்லது திற என்று மட்டும் பழகிய உராய்வுப் பொருளை அந்த வேலைக்கு வைத்தால் வண்டி நடுங்கும், அல்லது அது சீக்கிரமே கருகும். உங்கள் கியர்பாக்ஸ் லாக்-அப்பை எந்த முறையில் இயக்குகிறது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதிர்வு தாங்கும் டேம்பர் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். எடுத்திருந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் கேபினுக்குள் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும், நீண்ட பயணத்தில் தலைவலிதான்.

புதிய 8 கியர் ஆட்டோமேட்டிக்கில் மாற்றினால் பலன் உண்டா?

குறைவு. அவற்றில் முதல் கியரே நல்ல குட்டையான விகிதம், லாக்-அப்பும் வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்துவிடும். கன்வெர்ட்டர் சுதந்திரமாக வேலை செய்யும் நேரமே சில நொடிகள்தான். அப்படிப்பட்ட காரில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை முதலில் ட்யூன் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் அதோடு திருப்தியாகிவிடுவார்கள். டார்க் மிக அதிகமாகி லாக்-அப் வழுக்கினால் மட்டும் கன்வெர்ட்டருக்குப் போங்கள், அதுவும் பலமான லாக்-அப்புக்காக, ஸ்டாலுக்காக அல்ல.

ட்யூன் இல்லாமல் மாட்டினால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் பார்க்காத பழைய கியர்பாக்ஸ் என்றால் ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் பார்க்கும் வண்டியில், எஞ்சின் வேகத்துக்கும் டர்பைன் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். எதிர்பார்த்ததைவிட ஸ்லிப் அதிகம் என்றால் லாக்-அப் பழுது என்று நினைத்து பி0741 போன்ற பிழைக் குறியீட்டைப் போட்டு எச்சரிக்கை விளக்கை எரியவிடும். சில வண்டிகள் பாதுகாப்பு முறைக்குப் போய் ஒரே கியரில் நின்றுகொள்ளும். கன்வெர்ட்டர் மாட்டும் நாளுக்கு முன்பே ட்யூன் செய்பவரிடம் பேசி, கே-ஃபேக்டர் அட்டவணையைக் கன்வெர்ட்டர் செய்தவரிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

மூன்று இடங்களில், அதுவும் திரும்பத் திரும்ப.

முதலாவது, கன்வெர்ட்டர் முழுக்க உள்ளே உட்காராதது. டர்பைன் தண்டின் பற்கள், ஸ்டேட்டர் தண்டின் பற்கள், ஆயில் பம்ப்பை ஓட்டும் காதுகள் என்று மூன்று இடங்களில் அது பிடிக்க வேண்டும். கையால் சுற்றிக்கொண்டே மெதுவாக உள்ளே தள்ளினால், ஒவ்வொன்றாக விழும்போது "டக்" என்று உள்ளங்கைக்குத் தெரியும். இரண்டு முறை விழுந்ததும் உட்கார்ந்துவிட்டது போலவே இருக்கும். அங்கேதான் ஏமாறுவார்கள். மூன்றாவது விழும்போது இன்னும் ஒரு விரல் அகலம் உள்ளே போகும். கியர்பாக்ஸைத் தூக்கி எஞ்சினோடு சேர்க்கும்போது இரண்டு முகங்களும் கையாலேயே இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் போல்ட்டை முடுக்கி இழுக்கக் கூடாது, இறக்கிவிட்டு மறுபடி உட்கார வையுங்கள். பொருந்திய பிறகு கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (எஞ்சின் தண்டோடு கன்வெர்ட்டரை இணைக்கும் தகடு) நடுவே பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், உங்கள் கியர்பாக்ஸுக்கு உரிய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளியே இல்லை என்றால் அது பம்ப்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதே பம்ப் உடையும்.

இரண்டாவது, போல்ட் நீளம். நண்பர் ஒருவரின் வண்டியில் புது கன்வெர்ட்டர் போட்ட நாளிலிருந்தே லாக்-அப் பிடிக்கவில்லை. ட்யூன், சோலனாய்டு, வயரிங் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கன்வெர்ட்டரை அறுத்துத் திறந்தபோது, உள்முகத்தில் ஆறு சின்ன மேடுகள் பளபளத்துக்கொண்டிருந்தன. போல்ட்டுகள் நீளமாக இருந்து முன்தகட்டை உள்ளே தள்ளியிருக்கின்றன. லாக்-அப் தட்டு அந்த ஆறு மேடுகளின் மேல் மட்டுமே உரசியிருக்கிறது. புது கன்வெர்ட்டரோடு வந்த போல்ட்டையோ, அதே நீளம் என்று அளந்து பார்த்ததையோ தவிர வேறெதையும் போடாதீர்கள்.

மூன்றாவது, பழைய கூலரைக் கழுவாமல் விடுவது. முந்தைய கன்வெர்ட்டர் கெட்டுப்போய் மாற்றுகிறீர்கள் என்றால், அதன் இரும்புத்தூள் கூலரிலும் குழாய்களிலும் படிந்திருக்கும். புதிதின் முதல் சாப்பாடு அதுவாகிவிடும். கழுவினாலும் போகாத அளவு அடைப்பு இருந்தால் கூலரையே மாற்றிவிடுங்கள்.

ஃபிளெக்ஸ் பிளேட்டை எப்படியும் கழற்றிப் பார்ப்பீர்கள். கிராங்க் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

எந்த ஆயில், எவ்வளவு?

கியர்பாக்ஸ் தயாரிப்பாளர் சொன்ன ரகம்தான். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" ஆயிலை லாக்-அப் நழுவவிட்டு ஓட்டும் கியர்பாக்ஸில் ஊற்ற வேண்டாம். மாட்டும் முன் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு லிட்டர் அளவு ஊற்றி, வறண்டு சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை நிரப்பிவிட்டு, அந்தக் கியர்பாக்ஸுக்குச் சொன்ன சூட்டில், எஞ்சின் ஓடும் நிலையிலேயே மட்டம் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் தவறான அளவுதான் கிடைக்கும்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டால் சோதனை செய்து பார்க்கலாமா?

வேண்டாம். ஐந்து நொடிக்கு மேல் போனால் ஆயில் கொதிக்கும். பல புதிய கார்களில் கம்ப்யூட்டரே டார்க்கை வெட்டிவிடுவதால் வரும் எண்ணும் பொய். பிரேக் பிடியை மீறி வண்டி பாயவும் செய்யும். ஆளில்லாத இடத்தில் மெதுவாக உருளும்போது முழுக்க மிதித்து, ஆர்பிஎம் முள் சட்டென்று எங்கே தாவி நிற்கிறது என்பதைப் பதிவுக் கருவியில் பாருங்கள். உங்கள் கன்வெர்ட்டர் நிஜத்தில் கொடுப்பது அதுதான்.

மைலேஜ் குறையுமா?

நகரத்துக்குள் கொஞ்சம் குறையும். லாக்-அப் ஒழுங்காக விழுந்தால் நெடுஞ்சாலையில் மாற்றம் தெரியாது.

60, 70 கி.மீ. வேகத்தில் வண்டி நடுங்குகிறது. கன்வெர்ட்டரா?

வரிவரியான வேகத்தடையின் மேல் ஓடுவது போல ஒரு சில நொடி நடுக்கம் வந்து, பெடலைக் கொஞ்சம் விட்டதும் அல்லது பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டால் லாக்-அப் நடுக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு. பிரேக்கைத் தொட்டதும் லாக்-அப் விடுபடும், அதனால்தான் நிற்கிறது. ஆயில் ரகம், ஆயிலின் வயது, ட்யூனில் லாக்-அப் அழுத்தம் என்ற வரிசையில் பாருங்கள். எஞ்சின் மிஸ்ஃபயர் ஆனாலும் இதே போலத்தான் தோன்றும், ஸ்பார்க் பிளக்கையும் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது மந்தம், வேகம் எடுத்த பிறகு சரியாக ஓடுகிறது என்றால் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் இரண்டு பக்கமும் சுற்றுகிறது என்று அர்த்தம். கிளம்புவது நன்றாக, ஆனால் நெடுஞ்சாலையில் இழுக்காமல் ஆயில் கொதிக்கிறது என்றால் அதே கிளட்ச் இறுகிப்போய் ஸ்டேட்டர் சுற்றாமல் நிற்கிறது. இரண்டுக்கும் கன்வெர்ட்டரைத் திறந்தாக வேண்டும்.

பழைய கன்வெர்ட்டரை வாங்கி மாட்டலாமா?

திறந்து பார்க்காமல் வேண்டாம். பற்றவைத்து மூடிய கூடு என்பதால் உள்ளே இருக்கும் தூளை முழுக்கக் கழுவ முடியாது. நம்பகமான இடத்தில் அறுத்து, லாக்-அப் தட்டும் பேரிங்கும் சீலும் மாற்றி, மறுபடி பற்றவைத்து, பேலன்ஸ் பார்த்துத் தந்தால் தாராளமாக வாங்கலாம்.

மாட்டிய பிறகு முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக, நின்று நின்று போகும் சாலைகளில் ஓட்டுங்கள். லாக்-அப் தட்டு பலமுறை விழுந்து எழுந்து தன் முகத்தைப் பதப்படுத்திக்கொள்ள வேண்டும், அதுவரை முழுக்க மிதிக்காதீர்கள். முதல் நாள் முடிவில் பெல் ஹவுசிங்கின் (கன்வெர்ட்டரை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் கூடு) அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் அதில் ஒரு சிவப்புச் சொட்டு இருந்தாலும் முன்சீலைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு வாரம் கழித்து ஆயில் மட்டத்தை மறுபடி பார்த்து, நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். லேசான கருமை புதுத் தட்டின் தூளாக இருக்கலாம். கருகிய வாசனை வந்தால் மேலே ஓட்டாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, மாட்டியவரை அழையுங்கள்.